பிரேக் இல்லாத சைக்கிளும் சங்கத் தலைவரும்

மூன்று முறை தேசிய சாம்பியன் ஆன பிறகும் அவள் வேலை பார்க்கும் தபால் அலுவலகத்தில் அவளுக்கு “சைக்கிள்” என்றுதான் பெயர். “சைக்கிளுக்கு நாளைக்கு லீவாம்” என்பார்கள். மேலதிகாரி மட்டும் மரியாதை தெரிந்தவர். “மிஸ் சைக்கிள்” என்பார்.

அவளுடையது ஸ்பிரிண்ட் பந்தயம். சரிவான ஓடுதளத்தில் இரண்டே பேர், மூன்று சுற்று. பின்னால் வருபவளுக்குக் காற்று அடிக்காது என்பதால் முன்னால் போக இருவருக்குமே மனசு வராது. சில சமயம் கால் ஊன்றாமல் அப்படியே நின்றுவிடுவார்கள். கடைசி இருநூறு மீட்டரில்தான் உயிரைக் கொடுத்து மிதிப்பார்கள்.

அம்மா ஒரே ஒரு தடவை பார்க்க வந்தாள். “ஏண்டி, பந்தயத்துக்கு வந்துட்டு நடுவழியில நின்னு ரெண்டு பேரும் என்ன பேசிட்டிருந்தீங்க?”

“பேசலம்மா. யாரு முன்னாடி போறதுன்னு பாத்துட்டிருந்தோம்.”

“முன்னாடி போறதுக்குத்தானே பந்தயமே?”

அவளுடைய ஊர் சைக்கிள் சங்கத் தலைவருக்கு மரச்சாமான் கடை. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தே அறியாதவர். ஆனால் அவளுடைய வெற்றிப் படங்கள் எல்லாவற்றிலும் நடுநாயகமாக நிற்பார். ஒரு படத்தில் அவளுடைய முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

புதிய ஓடுதளத் திறப்பு விழாவில் பத்திரிகைப் படக்காரர்கள் அவரை உசுப்பிவிட்டார்கள். அவளுடைய சைக்கிளில் ஒரு சுற்று வருவதாகச் சொல்லிக் கோட்டைக் கழற்றினார்.

“சார், இதுல பிரேக் கிடையாது. மிதிக்கிறதை நிறுத்தவும் முடியாது. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும்.”

“முப்பது வருஷமா சங்கத்தையே ஓட்டுறேம்மா. இதை ஓட்ட மாட்டேனா?”

பாதிச் சுற்று ராஜகம்பீரமாகப் போனது. பிறகு படத்துக்காகக் கையை உயர்த்தி, காலுக்கு ஓய்வு கொடுக்கப் பார்த்தார். பெடல் சம்மதிக்கவில்லை. காலைத் தூக்கி உதறியது. தலைவர் சரிவில் இறங்கிப் பூந்தொட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தார். மணிக்கட்டில் சுளுக்கு, கௌரவத்தில் எலும்பு முறிவு.

விசாரணைக் குழு மூன்றே வாரத்தில் உத்தரவு போட்டது: சங்கத்தின் எல்லாப் பந்தய சைக்கிள்களுக்கும் இரண்டு பிரேக், ஒரு மணி.

அவள் தலைவரிடம் ஓடினாள். “சார், முன்னாடி போறவ பிரேக் பிடிச்சா பின்னாடி வர்றவ அவ மேலயே வந்து விழுவா. ரூல் புக்குலயே பிரேக் கூடாதுன்னு இருக்கு.”

“ரூல் புக்கு நான் எழுதினதா? உத்தரவு நான் எழுதினது.”

அடுத்த தேசியப் போட்டியில் சோதனை அதிகாரி அந்த மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சைக்கிளை ஓரங்கட்டினார். அவள் பையைக் கட்டத் தொடங்கினாள். மூன்று வருடமும் அவளிடம் தோற்ற போட்டிக்காரி, அதுவரை ஒரு வார்த்தை பேசியிராதவள், தன் உபரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“நீ வராம நான் ஜெயிச்சா ஊர்ல எப்படிச் சொல்லிக்கிறது? ஏறு. சீட்டை ரெண்டு விரக்கடை இறக்கிக்கோ.”

இறுதிப் போட்டியில் ஆளுக்கொரு ஓட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவதில் டயர் அகலத்தில் இவள் தோற்றாள். வயிறு எரியும் என்று காத்திருந்தாள். எரியவில்லை. இருவரும் மூச்சு வாங்கியபடி தரையில் சாய்ந்து சிரித்தார்கள்.

பிரேக் இல்லாததால்தான் தோல்வி என்று தலைவர் அறிக்கை விட்டார். மறுநாளே அவள் போட்டிக்காரியின் ஊருக்கு இடமாற்றம் கேட்டு எழுதினாள். இப்போது இருவரும் தினமும் சேர்ந்தே பயிற்சி செய்கிறார்கள். போன வருடம் தங்கமும் வெள்ளியும் அந்த ஒரே ஊருக்குப் போயின.