முழு உருண்டை போட்ட தண்ணீர்

பார்வதி சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஆலைக் கொட்டகையில் வந்தது. காய்ச்சிய பாகை மரத்தட்டில் கொட்டி வெல்லம் உருட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து ஆலை கருப்பையா வாசலில் நின்று, "மாமா, நம்ம சிஸ்டர் விடியக்காலையில போயிட்டாங்களாம்" என்றான். கையில் இருந்த வெல்லம் ஆறி இறுகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறையூர்ப் பக்கம் முப்பது வருஷம் நர்ஸாக வீடு வீடாக நடந்தவர் அவர்.

அடக்கத்தில் ஒருவர் சொன்னார்: "தங்கமான மனுஷி. அந்த ஒரு பிள்ளை விஷயத்துலதான் அவங்க சொன்ன வெல்லத் தண்ணி தப்பாப்போச்சு." நாலு பேர் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். அந்தப் பிள்ளை என் மகள் செல்வி. தப்பு சிஸ்டருடையது அல்ல. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் எதுவும் மறக்கவில்லை. அதனால் சொல்லி எழுத வைக்கிறேன்.

அந்தக் காலத்தில் பிள்ளைக்கு வயிற்றால் போனால், "வயிறு காயட்டும்" என்று பட்டினி போடுவோம். கூட்டம் போட்டால் நாங்கள் வரமாட்டோம் என்று சிஸ்டரே கொட்டகைக்கு வந்தார். ஒரு வெல்ல உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதுல இருக்கிற சர்க்கரைன்னா ரெண்டு பாசிமணி ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி. ஒட்டிக்கிட்டே இருந்தா அது உடம்புக்குள்ள சேராது. குடல் சுவர் ஓரத்துல நொதின்னு ஒண்ணு கத்தரி மாதிரி காத்திருக்கு, வெட்டிவிடும். அதுல ஒரு மணி, உப்பைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வாசல்ல நுழையும். பின்னாடியே தண்ணியும் போகும். வயித்தால போறப்பவும் அந்த வாசல் மூடாது."

"அப்ப எங்க வெல்லத்துக்கு உள்ள மாப்பிள்ளை மரியாதைதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை வந்தா மரியாதை. ஊரே திரண்டு வந்தா வாசல் தாங்குமா அண்ணே? நுழைய முடியாத சர்க்கரை, உடம்புத் தண்ணியையும் குடலுக்குள்ள இழுத்துப்போட்டுரும்."

ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சின்ன ஸ்பூனால் தலைதட்டி ஆறு பொடித்த வெல்லம், அரை ஸ்பூன் உப்பு. அதுதான் அவர் சொன்ன கணக்கு. ஆளுக்கொரு ஸ்பூனும் கொடுத்தார். "பாசத்துக்கு அளவு வேண்டாம். இதுக்கு வேணும்" என்றார்.

செல்விக்கு மூன்று வயதில் வயிற்றால் போனது. என் வீட்டுக்காரி சிஸ்டர் சொன்னபடியே அளந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. வழிப்போக்கன் கொட்டகைக்குள் வந்தால்கூட முழு உருண்டை கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். பெற்ற பிள்ளைக்கு ஸ்பூனா?

"ஏங்க, சிஸ்டர் ஆறுதானே சொன்னாங்க?"

"ஆலைக்காரன் பொண்ணுடி அவ" என்று முழு உருண்டையை உடைத்துப் போட்டேன். நானே ஊட்டினேன். பிள்ளைக்குப் போக்கு கூடியது. உச்சிவெயிலுக்குள் கண் குழிந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

சிஸ்டர் ஜீப்போடு ஓடிவந்தார். வாசலில் ஊரே நின்றது. பாத்திரத்தில் மிச்சமிருந்ததை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு போட்டீங்கண்ணே?"

"நீங்க சொன்னதுதான் சிஸ்டர்."

என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அதைக் கீழே கொட்டிவிட்டு, புதிதாகக் கலந்து, ஆஸ்பத்திரி போகும்வரை ஜீப்பில் வாய்வாயாக ஊட்டிக்கொண்டே வந்தார். மகள் பிழைத்தாள். என் வீட்டுக்காரி என்னை ஊருக்குக் காட்டிக்கொடுக்கவில்லை; வெகுநாள் என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊரோ 'நீங்க சொன்னதுதான்' என்ற என் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் கலக்கிக் கொடுத்ததை அவர் தலை மறைந்ததும் கொட்டினார்கள். அது தெரிந்து அவர் வீட்டுக்கு வீடு முதல் வாயைத் தானே குடித்துக் காட்டினார். எத்தனையோ வருஷம் அப்படி. எங்கள் கொட்டகையைத் தாண்டித்தான் அவர் போவார். நான் பாகைக் கிண்டுகிற சாக்கில் தலை குனிந்துகொள்வேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், மூணாறு பஸ்ஸுக்கு நின்றவரிடம் ஓர் உருண்டையைக் கொடுத்தேன். வாங்கி மோந்து பார்த்தார்.

"இது ஸ்பூன்ல அளந்ததாண்ணே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "வீட்டுக்கு வந்து பேசணும் சிஸ்டர்" என்றேன். "வாங்க, இருப்பேன்" என்றார். பஸ் வந்துவிட்டது. பிறகு கரும்பு வெட்டு, மழை, முழங்கால் வலி என்று ஒவ்வொன்றாகச் சாக்கு. நான் போகவே இல்லை.

அவர் கொடுத்த ஸ்பூன் இன்னும் எங்கள் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. போன மழைக்குச் செல்வி அதை எடுத்துத் தன் பிள்ளைக்கு ஒவ்வொன்றாகத் தலைதட்டி அளந்தாள். ஆறோடு நிறுத்தினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஸ்பூனும், பஸ்ஸுக்கு நின்றபோது அவர் பதில் தெரிந்தே கேட்ட அந்தக் கேள்வியும்தான்.

தலையாட்டிய அந்த நாலு பேரும் கேட்டுக்கொள்ளுங்கள். சிஸ்டர் சொன்னது ஆறு ஸ்பூன். முழு உருண்டையைப் போட்டது என் கை.