வாழை இலை வேனுக்குப் பத்து லட்சம்

12 மார்ச் 2021: 1,486 வெள்ளி
11 மார்ச் 2022: 1,502 வெள்ளி
13 மார்ச் 2023: 1,571 வெள்ளி
11 மார்ச் 2024: 1,809 வெள்ளி

சின்னராசு தம் வேனுக்கு ஆண்டுதோறும் கட்டிய காப்புறுதிச் சந்தா இது; வெள்ளி என்றால் இங்கே டாலர். முதல் மூன்று ஆண்டுகளும் பாலிசியை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தேக்காச் சந்தையை ஒட்டிய பஃப்ளோ ரோட்டில் காய்கறியும் வாழை இலையும் ஏற்றும் வேன்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் ஆள் எதை எடுத்தாரோ அதையே மற்றவர்களும் எடுப்பார்கள். கடையில் தேநீர் சொல்வதுபோல, "கதிரேசனுக்குப் போட்டதே எனக்கும்" என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

2024இல் காப்புறுதி முகவர் ரஷீதா அதற்கு ஒப்பவில்லை.

"கதிரேசன் அண்ணன் தேக்காவ விட்டு வெளிய போறதே இல்ல. நீங்க எங்க போறீங்க?"

"பூன் லே வரைக்கும். அங்க ஒரு கேன்டீனுக்கு இலை போடறேன். பொண்ணு பாக்கப் போனப்பகூட என்னை இத்தனை கேள்வி கேக்கல லா."

"ஆளுக்கு அடிபட்டா கம்பெனி கொடுக்கறதுக்கு லிமிட் இல்லண்ணே. அடுத்தவங்க பொருள் சேதமானா அஞ்சு லட்சத்தோட நிறுத்திடுவாங்க. மிச்சம் உங்க தலையில. கேன்டீன் பக்கத்துல என்ன இருக்கு?"

"மீன் வைக்கிற குளிர்கிடங்கு."

"உள்ள எவ்வளவு சரக்கு இருக்கும்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுல்ல? அப்ப பத்து லட்சத்துக்குப் போடறேன். 190 வெள்ளி கூட வரும்."

"வாயாலேயே 190 வெள்ளிய வாங்கிட்டா" என்று மனைவி விசாலாட்சியிடம் புலம்பிக்கொண்டேதான் கட்டினார்.

ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, நல்ல மழை. கேன்டீன் வாசலில் வேனைப் பின்னுக்கு எடுத்தபோது குளிர்கிடங்கின் மின்பெட்டியில் இடித்துவிட்டார். சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் கிடங்கு இருண்டது. அவசர ஜெனரேட்டரின் இணைப்பும் அதே பெட்டியில்தான் இருந்தது. சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. கெட்டுப்போன மீன், இறால், மின்பெட்டி எல்லாம் சேர்த்துக் கிடங்குக்காரர் கேட்டது 734,600 வெள்ளி.

பழைய பாலிசியாக இருந்தால் 234,600 வெள்ளி சின்னராசுவின் கைக்காசு. அறுபத்தொரு வயதில் வேனை விற்று, சேமிப்பையும் துடைத்துக் கொடுத்தாலும் அதில் பாதி தேறாது.

அன்று மதியமே ரஷீதா அவரைக் கூட்டிப்போய் விபத்தைப் பதிவுசெய்ய வைத்தார். பிறகு எட்டு மாதம் கம்பெனியோடு கடிதப் போக்குவரத்து நடத்தியதும் அவர்தான். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் சின்னராசு அவரிடம் போய்க் கேட்பார்.

"முழுசா கொடுக்கலன்னா என்னம்மா பண்றது?"

"கொடுப்பாங்கண்ணே. நீங்க போய் இலைய இறக்குங்க, வாடிடும்."

அந்தப் பேச்சுதான் அவரைத் தினமும் வேனில் ஏற்றியது. ரஷீதாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கதிரேசனையும் இன்னும் நான்கு வேன்காரர்களையும் ஒவ்வொருவராக ரஷீதாவின் அலுவலகத்துக்கு இழுத்துப் போனார். "யாருக்குப் போட்டதும் வேணாம். இவர் எங்க போறார்னு கேட்டுப் போடும்மா" என்று சொல்லி நாற்காலியில் உட்காரவைத்தார்.

கிடங்குக்காரருக்கு முழுத் தொகையும் கொடுத்தாயிற்று, சின்னராசு தரவேண்டியது எதுவும் இல்லை என்று கம்பெனி எழுதிய கடைசிக் கடிதத்தை விசாலாட்சி ஈசூன் வீட்டு அஞ்சல் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். வந்த தேதி: 6 மே 2025.