அக்கா பிடுங்கிப் பார்த்த சோயா வேர்கள்

இந்நினைவு மலரின் முதல் பக்கத்துப் படத்தில் அக்கா சிரிக்கவில்லை. அது ஆய்வக அடையாள அட்டைக்காக எடுத்த படம். வீட்டு விசேஷங்களில் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தவர் அவர். அதனால் அவருக்கென்று நல்ல படம் ஒன்று மிஞ்சவில்லை. அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில், அவர் வாழ்ந்த விதத்தை அவர் தம்பியாகிய நான் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

அக்கா ஆம்பூரில் பிறந்தார். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகம் தைத்தார். எங்கள் தெருவில் வேதியியல் படித்த முதல் பெண் அக்காதான். படிப்பு முடிந்ததும் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பதனிடாத தோலில் நைட்ரஜனை அளந்து, அதில் எவ்வளவு புரதம் என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் வேலைகளில் ஒன்று. மகள் ஜெனிஃபருக்கு நான்கு வயதிருக்கும்போது மச்சான் சாலை விபத்தில் காலமானார். ஒரு மாதம் கழித்து அக்கா மறுபடியும் வேலைக்குப் போனார். அவர் அழுது நான் பார்த்தது குறைவு.

பின்னாளில் பள்ளிகொண்டா அருகே சத்துமாவு தயாரிக்கும் ஒரு நிறுவனம் அவரை அழைத்தது. தோலுக்குச் செய்யும் அதே சோதனைதான் சோயாவுக்கும். கணியம்பாடிப் பக்கத்தில் பதினோரு குடும்பங்கள் அந்த நிறுவனத்துக்காக முதன்முறையாக சோயா விதைத்தன. அந்த மண்ணுக்கு சோயா புதிது. ஆகவே அதன் வேருக்கு வேண்டிய நுண்ணுயிரைப் பொட்டலத்தில் வாங்கி, ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் பூசி விதைக்க வேண்டும். அந்த நுண்ணுயிர்தான் வேரில் முடிச்சு கட்டி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். மணியில் புரதம் சேர அது வேண்டும். பொட்டலங்களை வரவழைத்து, பூசும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர் அக்கா.

அறுவடையான மணிகள் சோதனைக்கு வந்தன. ஒரே ஒரு வயலின் மணியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் புரதம் குறைவு. அக்கா மூன்று முறை சோதித்தார், முடிவு மாறவில்லை. விவசாயிகள் கடையில் வாங்கிய பழைய மணியைக் கலந்துவிட்டார்கள் என்று மேலாளர் முடிவு செய்தார். அப்படியே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடும்படி அக்காவிடம் சொன்னார். அக்கா ஒருநாள் அவகாசம் கேட்டார்.

மறுநாள் காலை என் வண்டியில்தான் கணியம்பாடிக்குப் போனோம். வயல்களில் வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் சில செடிகள் அறுபடாமல் இன்னும் பச்சையாக நின்றிருந்தன. அக்கா சேலையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வாய்க்கால் நீரில் வேரைக் கழுவினார். வேர் வெறுமையாக இருந்தது. அடுத்த வயலிலும் அப்படியே. செடி வெளுக்கிறதென்று யூரியா போட்டதாகவும், இலை நன்றாகப் பச்சை பிடித்ததாகவும் பெரியவர் ஏழுமலை சொன்னார். இலை தேறியதே தவிர, மணி முற்றும் நாளில் செடிக்குக் கொடுக்க வேரில் எதுவுமில்லை.

சரோஜா என்பவரின் வயலில்தான் விடை கிடைத்தது. புரதம் குறையாமல் வந்தது அவர் மணிதான். அவர் செடியின் வேரில் கடுகும் மிளகுமாக முடிச்சுகள் ஒட்டியிருந்தன. அக்கா ஒன்றை நகத்தால் கிள்ளினார். உள்ளே இளஞ்சிவப்பு, நுண்ணுயிர் உயிரோடு வேலை செய்வதன் அடையாளம்.

"சரோஜா, நீ இன்னா பண்ண?"

"நீங்க சொன்னதத்தான் மேடம் பண்ணேன். எனக்கு மழ முன்னாடியே பேஞ்சிடுச்சு. பாக்கெட்டு வந்த அன்னிக்கே வந்து வாங்கினு போய்ட்டேனே?"

அக்கா பொட்டலங்கள் வந்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினார். மழைக்காகக் காத்திருந்த மற்ற பத்துப் பேருக்கான பொட்டலங்கள் ஐந்து நாள் நிறுவனத்தின் தகரக் கொட்டகையில் கிடந்தன. வேலூர் வெயிலில் தகரத்தடியில் கிடந்தால் எந்த உயிர் தங்கும்? அங்கே வைக்கச் சொன்னவர் அக்கா.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"யாரும் உன்ன கேக்கலக்கா. மழ கம்மி, மண்ணு சரியில்லன்னு எழுதிட்டு உட்டுடு. ஜெனி நர்ஸிங் முடிக்கிற வரைக்குமாவது உனக்கு வேல வேணும்."

"அவங்கள திருடங்கன்னு எழுதச் சொல்றாங்கடா. அதுக்குக் கீழ எம் பேரு. நீ வண்டிய எடு."

அறிக்கையில் அக்கா தம் தவற்றைத் தாமே எழுதினார். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு கணியம்பாடிக்குப் போய், பதினோரு குடும்பங்களின் முன்பும் நின்று சொன்னார்.

"மூணு மாசம் ஒழைச்சோமேம்மா. உங்க கொட்டாயில வெந்து போச்சுன்னு இப்ப வந்து சொல்றியே" என்று சொல்லிவிட்டு ஏழுமலை எழுந்து போய்விட்டார். நியாயமான கோபத்துக்குப் பதில் கிடையாது என்று பிறகு அக்கா என்னிடம் சொன்னார்.

அந்த மாதமே வேலை போயிற்று. அந்த மணிகளையும் நிறுவனம் எடுக்கவில்லை. அவை மாட்டுத் தீவனத்துக்குப் போயின. அக்கா மறுபடியும் ஆம்பூரில் ஒரு தோல் ஆய்வகத்தில், முன்பைவிடச் சிறிய வேலையில் சேர்ந்தார். நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். பல வாரம் சரியாகப் பேசவில்லை. அந்த வாரங்களை இன்று எண்ணிப் பார்க்கிறேன்.

அடுத்த பருவத்துக்கு முன் சரோஜா தொலைபேசியில் அழைத்தார். "மேடம், நாங்க மறுபடியும் போடப்போறோம். ஏழுமலையண்ணனும்தான். நீங்க வர்றீங்களா?" அக்கா போனார். பொட்டலங்களை ஈரச்சாக்கில் சுற்றி, வெயில் ஏறுமுன் முதல் பேருந்தில் கொண்டுபோனார். ஒவ்வொரு வீட்டிலும் தம் கையாலேயே விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வைத்தார். விதைத்த ஐந்தாவது வாரம் வேர்களைப் பார்க்கப் போனவர், ஜெனிஃபரின் பிறந்தநாளை மறந்துபோனார். அதற்காக அவள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

அந்த முறை வேறொரு ஆலை அவர்களுடைய சோயாவை வாங்கியது. எல்லா வயலும் தேறிவிடவில்லை. மணி முற்றும் நேரத்தில் ஏழுமலையின் கிணறு வற்றியது. தண்ணீர் இல்லாவிட்டால் முடிச்சும் வேலை செய்யாது என்பதை அக்கா அவரிடம் மறைக்காமல் சொன்னார். "நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார் அவர். அன்று வீடு திரும்பிய அக்கா அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

அதன்பின் நான்கு பருவங்கள் அக்கா அந்த வயல்களுக்குப் போய்வந்தார். ஐந்தாவது பருவத்தில் நோய் வந்தது. படுக்கையில் அவர் எதற்கும் முறையிடவில்லை. பிரிவதற்கு இரண்டு நாள் முன்பு என் கையைப் பிடித்து, "அன்னிக்கு வண்டிய எடுத்தியேடா, அது போதும்" என்றார்.

அக்காவைத் தங்கள் தாயைப்போல் கவனித்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், இறுதிவரை உடனிருந்து ஜெபித்த சபையாருக்கும், ஜெனிஃபரைத் தேற்றிய அவளுடைய தோழியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கணியம்பாடியிலிருந்து வந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடக்க ஆராதனை நடந்த நாள் அவர்களுக்கு அறுவடை நாள். சோயா காய்ந்து நிற்கையில் ஒருநாள் தவறினாலும் வெயிலில் காய் வெடித்து மணி மண்ணில் கொட்டிவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. பின்னர் ஜெனிஃபர் சொல்லித்தான் தெரிந்தது. பதினோரு வீட்டுக்காரர்களும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்து, மாலைவரை கல்லறைத் தோட்டத்தில் நின்றார்கள். அவர்களில் ஒருவர்கூட வயலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.