முட்டைக்கோஸ் மேகம்

அப்போது என் தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் மாட்டிவிட்ட கண்ணாடி யாருக்கும் காதை அறுத்ததில்லை. சாயங்காலமானால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு, போனில் 'மேகம் பார்ப்போம்' குழுவை நடத்துவாள். யாராவது ஒரு மேகத்தைப் படமெடுத்துப் போடுவார்கள். அது எதைப் போல இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆமை, தாடிக்காரர், ஒற்றைச் செருப்பு என்று வரும். அரசியல் மட்டும் கூடாது.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற எங்கள் அப்பா, அம்மா போன பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டவர். அந்தக் குழுவில்தான் மறுபடி சிரித்தார். இவர் ஆமை என்றால், மருந்துக்கடைக்காரர் ஒருவர் வேண்டுமென்றே தொப்பி என்பார். பொழுது போவதே தெரியாது.

தேர்தல் வந்தது. அப்பா இளவயதிலிருந்தே கெட்டில் சின்னத்துக்காரர். மருந்துக்கடைக்காரர் குடை. ஆமையும் செருப்பும் எங்கோ போய்விட்டன. எந்த மேகத்தைப் போட்டாலும் பாதிப் பேருக்குக் கெட்டில், மீதிப் பேருக்குக் குடை. வார்த்தை தடித்தது. சிலர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறினார்கள். வாக்குப்பதிவு முடியும்வரை எந்தச் சின்னத்தையும் எழுதக் கூடாது என்று தங்கை அறிவித்தாள். மறுநாளே அப்பா மூக்கு நீண்ட மேகம் ஒன்றைப் போட்டு, வானத்தின் ஓட்டும் கெட்டிலுக்கே என்று எழுதினார்.

அவள் அதை நீக்கினாள். அப்பா போனைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அப்பான்னுகூடப் பார்க்கலையாடி?"

"பார்த்தேன்ப்பா. உங்களோடதை விட்டுட்டு மத்தவங்களோடதுல எப்படிக் கை வைப்பேன்?"

அன்றே அவர் குழுவை விட்டு விலகினார். வீட்டில் மறுபடி அந்தப் பழைய மௌனம். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு மேகத்துக்காகவா இப்படி என்று அவளைக் கேட்டேன். கண் கலங்கினாள். விதியை மாற்றவில்லை.

கெட்டில் தோற்றது. இனிக் குடைக்காரர்கள் குதிப்பார்களே என்று பயந்தோம். மருந்துக்கடைக்காரர் ஒரு படம் போட்டார். மூக்கும் கைப்பிடியும் மூடியுமாக, அசல் கெட்டில். கீழே இப்படி எழுதியிருந்தார்:

"இது என்னன்னு டிரைவர் அண்ணன்தான் சொல்லணும். அவரைக் கூப்பிடுங்கம்மா."

தங்கை போனை அப்பாவிடம் நீட்டினாள். அவள் மாட்டிவிட்ட கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "என்னைச் சேர்த்துவிடு" என்றார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார்: முட்டைக்கோஸ்.

அப்பா இப்போது இல்லை. குழு இருக்கிறது. மூக்கு நீண்ட மேகம் வந்தால் பழைய ஆட்கள் முட்டைக்கோஸ் என்றே எழுதுகிறார்கள். அது எந்தக் கட்சிச் சின்னம் என்று புதிதாக வருகிறவர்கள் சந்தேகத்தோடு கேட்பதுண்டு. தங்கை முட்டைக்கோஸை மட்டும் நீக்குவதேயில்லை.