மகளுக்குத் தெரியாமல் எழுதிய நோட்டு

பன்னிரண்டு வயதாகும் என் மகளுக்குக் கழுத்து அவளை மீறி வெடுக்கென்று திரும்பும். அதற்கான நடத்தைப் பயிற்சிக்குத் தொம்மலூர் போய்வந்தோம். அங்கே பயிற்சி தரும் உளவியலாளர் முதல் நாளே சொன்னார்: "சார், சாயங்காலம் பத்து நிமிஷம் மட்டும், கழுத்து எத்தனை தடவை திரும்புதுன்னு அவளுக்குத் தெரிஞ்சு எண்ணுங்க. மத்த நேரம் கண்டுக்காதீங்க."

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பவன் நான். உதவுமே என்று அவளுக்குத் தெரியாமல் நாள் முழுவதும் எண்ணி எழுதினேன். அடுத்த முறை போனபோது நோட்டைப் பெருமையாக நீட்டினேன். மகள் முந்திக்கொண்டு வாங்கிப் புரட்டினாள். 'பிறந்தநாள். கேக் வெட்டும்போது பதினொரு முறை.'

"அன்னிக்கு என்னையே பார்த்துச் சிரிச்சிட்டு இருந்தியேப்பா... எண்ணிட்டா இருந்த?"

அன்றே நோட்டைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும், இப்போது நான் ஆசையாகப் பார்த்தால்கூட, "எத்தனைப்பா?" என்கிறாள்.

சும்மாதான் பார்த்தேன் என்கிறேன். அவள் நம்புவதில்லை.