உடுமலைக் காற்றில் முதல் பந்து

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். உக்கடம் பேருந்து நிலையத்தில் நானும் என் மகள் தரணியும் உடுமலைப்பேட்டை வண்டிக்காக நின்றிருந்தோம். எழுபது கிலோமீட்டர் சொச்சம் தூரம். அங்கே ஒரு பள்ளி மைதானத்தில் பெண்களுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு நாள் பயிற்சி. இதுவரை பந்தைத் தொட்டிராதவர்களும் வரலாம், வயது தடையில்லை என்று சொல்லியிருந்தார்கள். தரணி கல்லூரி அணியில் ஆடுகிறவள், பயிற்சியாளருக்கு உதவப் போகிறாள். நான் கற்றுக்கொள்ளப் போகிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு.

போன வருடம் எனக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. வலது பக்கம். மருந்தெல்லாம் முடிந்து, தலைமுடி திரும்பவும் காதைத் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வலது கை மட்டும் தோளுக்கு மேலே போக மறுக்கிறது. "கையைச் சும்மா வைக்காதீங்க, பாரம் மட்டும் வேண்டாம்" என்றார் மருத்துவர். விளையாடலாமா என்று கேட்டேன். என்ன விளையாட்டு என்று விசாரித்துவிட்டு, பயிற்சிக்கு உள்ள லேசான ரப்பர் பந்தென்றால் சரி என்றார். தரணிக்கு மட்டும் இதில் மனம் ஒப்பவில்லை. "நீ வந்து பாரும்மா, ஒக்காந்து பாத்தாப் போதும்" என்று முதல்நாள் இரவுவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்தது. டிக்கெட் ஆளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய். காலுக்கு நடுவே நிறுத்தியிருந்த மட்டைப் பையை நடத்துநர் விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது கிரிக்கெட் பேட்டுங்களா? உருண்டையா இருக்குது?"

"பேஸ்பாலுங்க" என்றாள் தரணி.

"அம்மணி ஆடுதுங்களா?"

"ஆமாங்க, நான்தான்."

"நானுந்தானுங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். சிரிக்கவில்லை. "நல்லா ஆடுங்க" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார். தரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஈச்சனாரி, கிணத்துக்கடவு தாண்டி வெயில் ஏறியது. பொள்ளாச்சியில் கால்மணி நேரம் நின்றது. பாதி வண்டி இறங்கி, அதைவிட அதிகமாக ஏறியது. அதன்பிறகு இரண்டு பக்கமும் தென்னந்தோப்புதான். தெற்கே ஆனைமலை நீலமாகக் கூடவே வந்தது. உடுமலை நெருங்க நெருங்கக் காற்றாலைகள் தெரிந்தன. ஆடி மாதம். எல்லா இறக்கைகளும் சுற்றிக்கொண்டிருந்தன. நாங்கள் இறங்கியதும் என் சேலைத் தலைப்பைக் காற்று பிடுங்கிப் பார்த்தது. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். விளையாடுவதற்குத் தரணியின் பழைய டிராக் பேன்ட்டும் டீ-ஷர்ட்டும் பையில் இருந்தன. பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு ஆட்டோவில் மைதானம் போனோம்.

மைதானம் செம்மண். ஒரு ஓரத்தில் வேப்ப மரங்கள். சுண்ணாம்புத் தூளால் பெரிய சாய்சதுரம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதன் நான்கு மூலைகளில், அடிப்பவர் நிற்கும் மூலையில் ஒரு ரப்பர் பலகை; மற்ற மூன்றிலும் தேங்காய் நார் திணித்துத் தைத்த சாக்குகள். அவைதான் பேஸ். பயிற்சியாளர் சகாயமேரி சூலூர்க்காரர். முன்பு மாநில அளவில் ஆடியவர், இப்போது பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. தனியாக அழைத்துப்போய் என் கையைப் பற்றிச் சொன்னேன்.

"எந்த மட்டும் தூக்க முடியுதுங்க?" என்றார். தூக்கிக் காட்டினேன். "அது போதுங்க. மேல இருந்து எறிய வேண்டாம், பக்கவாட்டுல எறியுங்க. அப்படி எறியறவங்களும் இருக்காங்க. கிளவுஸ் இடது கையிலதான வரும், பிடிக்கறதுக்கு ஒண்ணும் தடையில்லீங்க."

பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். கல்லூரிப் பெண்கள், ஒரு தேங்காய் வியாபாரி, இரண்டு ஆசிரியைகள். கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து வந்திருந்த நூர்ஜஹான் அக்கா தையல்கடை வைத்திருப்பவர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அவர் கேட்ட முதல் சந்தேகத்தில் எல்லோருக்கும் கூச்சம் போய்விட்டது.

"ஏங்க டீச்சர், கெளம்புன எடத்துக்கே சுத்தித் திரும்பி வந்தா ஒரு ரன்னுங்களா? இதைத்தான நாங்க தெனமும் பண்றோம்?"

முதலில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இடுப்புக்கு மேலே வரும் பந்துக்குக் கிளவுஸின் விரல்கள் வானம் பார்க்க வேண்டும், கீழே வருவதற்குத் தரை பார்க்க வேண்டும். பந்து உள்ளே விழுந்ததும் மற்றக் கையால் மூட வேண்டும். பழைய தோல் கிளவுஸ். உள்ளே எத்தனையோ பேருடைய வியர்வை வாசனை. இரண்டிரண்டு பேராக நிற்கச் சொன்னபோது தரணி ஓடிவந்து என் எதிரில் நின்றாள். ஐந்தாறு அடிகூட இருக்காது. அங்கிருந்து கீழ்வாக்கில் பந்தைத் தூக்கிப் போட்டாள். காற்றே அதைக் கொண்டுவந்து என் கிளவுஸில் வைத்தது. நான் பக்கவாட்டில் திருப்பி எறிந்தேன். அவள் வாங்கி, இன்னும் ஓரடி முன்னால் வந்து, மறுபடியும் அதே மாதிரி போட்டாள்.

பக்கத்தில் நின்ற நூர்ஜஹான் அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏங்கண்ணு, உங்கம்மாவுக்குப் பந்து எறியறயா, பூப் போடறயா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தரணி சிரிக்கவில்லை. பந்தை என் கையில் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் இருந்த தண்ணீர் கேனை நோக்கி நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். தம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருந்தாள்.

"என்ன கண்ணு?"

"உம்மேல பட்டுப்போட்டா என்னம்மா பண்றது?"

"பட்டா வலிக்கும்."

"உனக்குச் சொன்னாப் புரியாது." அவள் குரல் உடைந்தது. "ஆபரேஷன் முடிஞ்சு நீ வராண்டால நடந்தப்ப, காயத்துல சொருகியிருந்த அந்த டியூப் டப்பாவ நாந்தான் தூக்கிட்டுப் பின்னாலயே வந்தேன். டப்பால ரத்தம் இருந்துச்சு. நீ திரும்பிப் பாக்கவே இல்ல. எங்கயாவது இடிச்சு இழுத்துருமோ, இடிச்சு இழுத்துருமோன்னு அதையே பாத்துட்டு நடந்தேன். இன்னைக்கு வரைக்கும் அப்படியேதான் இருக்குது."

எனக்கு இது தெரியாது. அந்த வராண்டாவில் நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்த என் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று ஒரு வருடமாகத் தெரியாமலே இருந்திருக்கிறேன். அவள் தோளைத் தொட்டேன். காற்றில் வேப்பம்பழம் சட்சட்டென்று விழுந்துகொண்டிருந்தது.

"அந்த டப்பா இப்ப இல்ல சாமி" என்றேன். "உங்க டீம்ல இருக்கறவளுக்கு எப்படி எறிவயோ, அப்படி எனக்கு ஒண்ணு எறி. ஒண்ணே ஒண்ணு."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இந்த முறை பின்னாலே போய், சகாயமேரி வரைந்திருந்த கோட்டில் நின்றாள். காலைத் தூக்கி வைத்து, தோளைத் திருப்பி எறிந்தாள். என் மகள் எறிவதை நான் எதிரில் நின்று பார்த்ததே இல்லை. பந்து கிளம்பியது தெரிந்தது. நடுவில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கிளவுஸின் ஓரத்தில் பட்டு என் தொடையில் அடித்தது.

சுரீரென்றது. குனிந்துவிட்டேன். "அம்மா!" என்று கத்திக்கொண்டு அவள் ஓடிவந்தாள். என் தொடையைப் பிடித்துப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். எனக்கு அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் வந்தது சிரிப்பு. ஊசி, மருந்து, தையல் என்று எத்தனையோ வலிகளுக்குப் பிறகு, விளையாடியதால் வந்த வலி ஒன்று. சின்ன வயதில் நொண்டி ஆடி விழுந்தபோது வந்தது போன்ற வலி.

"போ, போய் நில்லு" என்றேன். "இந்த வாட்டி உடமாட்டேன்."

நூர்ஜஹான் அக்காவும் மற்றவர்களும் தங்கள் பந்துகளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரணி எறிந்தாள். முன்பைவிடக் குறைவான வேகமாக எனக்குத் தோன்றவில்லை. நான் கண்ணை மூடவில்லை. கிளவுஸுக்குள் பட்டென்று ஒரு சத்தம். உள்ளங்கை எரிந்தது. மற்றக் கையால் மூடிக்கொண்டு, உள்ளே பந்து இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது.

"அதான் சத்தம்!" என்று சகாயமேரி தூரத்திலிருந்து கத்தினார்.

மதியம் புளிசாதப் பொட்டலம் சாப்பிட்டபின் இரண்டு அணியாகப் பிரித்து ஆடவைத்தார்கள். என் முறை வந்ததும் மட்டையைத் தோளுக்குக் கீழேயே பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் இரண்டு பந்துகளுக்குக் காற்றைத்தான் அடித்தேன். மூன்றாவது மட்டையில் பட்டுத் தரையோடு உருண்டது. கிரிக்கெட் பார்த்த பழக்கத்தில் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பேட்டைக் கீழ போடுங்க, போடுங்க!" என்று பத்துப் பேர் கத்தினார்கள். நான் போடுவதற்குள் பந்து முதல் பேஸுக்குப் போய்விட்டது. அவுட். அங்கே பந்தைப் பிடித்து நின்றது தரணி. கொஞ்சமும் இரக்கம் காட்டாமல் கையை உயர்த்தி "அவுட்!" என்றாள். நான் நாரடைத்த சாக்கின் மேல் நின்றுகொண்டு மூச்சு வாங்கினேன். அன்று முழுவதும் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான்.

நான்கு மணிக்கு முடிந்தது. சகாயமேரி ஒரு பழைய கிளவுஸைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். "வீட்டுல எறிஞ்சு பழகுங்க. அடுத்த மாசம் சூலூர்ல வெச்சுக்கலாமுங்க. உங்களுக்கும் பக்கம்."

"வாரேனுங்க" என்றேன்.

திரும்பும் வண்டியில் பொள்ளாச்சி வரை நின்றுகொண்டே வந்தோம். வீட்டில் ஒரு வருடமாக எல்லோரும் என் கையிலிருந்து எதையாவது வாங்கிக்கொண்டே இருந்தார்கள். குடம், வாளி, குக்கர், துணிக்கூடை. அன்பாகத்தான் வாங்கினார்கள், எனக்குத்தான் கைகள் காலியாகிவிட்டன. உடுமலையில் அறிமுகமே இல்லாதவர்கள் காலையிலிருந்து என்னை நோக்கி எறிந்துகொண்டே இருந்தார்கள்.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டை அடைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ஆட்டோச் சத்தம் கேட்டு என் கணவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். என் முகத்தை, செம்மண் ஒட்டிய உடையை எல்லாம் பார்த்துவிட்டு, வழக்கம்போல என் கையிலிருந்த துணிப்பையை வாங்கக் கையை நீட்டினார்.

"உடுங்கப்பா" என்றாள் தரணி. "அம்மாவே கொண்டுட்டு வரட்டும்."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, கேட்டை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டார்.