ஐந்துக்கு இரண்டரை

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும் என்று ஒரு பழமொழி உண்டு. அதை யாராவது சொல்லக் கேட்டால் எனக்குக் குமட்டும். பால் குடித்தவனுக்குப் புத்தி சொல்ல நம்மிடம் பழமொழி இருக்கிறது. பார்த்துவிட்டுக் கள் என்று சொன்னவனுக்குப் புத்தி சொல்ல ஒன்றுமே இல்லை. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த வருஷம் அது. மாகாணத்திலேயே எங்கள் ஜில்லாவில்தான் முதலில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். மேட்டூர் போகும் சாலையில் ஒரு நெசவு ஊர். அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். வயது இருபத்து நான்கு, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் துணி எடுத்துத் தைத்த ஒரே ஒரு கோட்டு வைத்திருந்தேன். ராசிபுரத்தில் என் அப்பா குழித்தறியில், தரைக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, நெய்துதான் என்னைப் படிக்க வைத்தார். ஆனால் இந்த ஊரில் யார் கேட்டாலும் அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த ஊரில் நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தாலே புளித்த வாடை அடிக்கும். நூலுக்கு விறைப்பு ஏற்ற அரிசிக் கஞ்சி காய்ச்சி, இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் பூசுவார்கள். கஞ்சி கையில் ஏறும், வேட்டியில் ஏறும், தலைமுடியில்கூட ஏறும். குளித்தாலும் முழுக்கப் போகாது. நான் மட்டும் அந்த வாடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து ராசிபுரத்திலேயே விட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஜியாமெட்ரி இங்கிலீஷில்தான். தியரத்தை இங்கிலீஷில் ஒப்பித்துவிட்டு விளக்கத்தைத் தமிழில் சொல்வேன். இன்றைக்கு மறுதலை என்கிறார்களே, அது அன்று எங்களுக்குக் கான்வர்ஸ். ஐந்தாவது ஃபாரத்துக்கு, அதாவது இப்போதைய பத்தாம் வகுப்புக்கு, ஒரு நாள் காலை அதைத்தான் நடத்தினேன். ஒரு முக்கோணத்தில் இரண்டு பக்கம் சமமென்றால் அவற்றுக்கு எதிர்க்கோணங்களும் சமம். அதைத் திருப்பிப் போட்டு, இரண்டு கோணம் சமமென்றால் எதிர்ப்பக்கங்களும் சமம் என்று சொல்ல வேண்டுமானால் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். போகிற வழியை நிரூபித்தது வருகிற வழிக்கு ஆகாது. இரண்டையும் தனித்தனியே நிரூபித்த பிறகுதான் 'இஃப் அண்டு ஒன்லி இஃப்', அப்படி இருந்தால், இருந்தால் மட்டுமே, என்று எழுத நமக்கு உரிமை. இதை மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

"சதுரத்தில் இரண்டு மூலைவிட்டமும் சமம். அப்படியானால் மூலைவிட்டம் சமமாக இருப்பதெல்லாம் சதுரமா?" என்று கேட்டேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு நெசவாளியின் மகன் இருந்தான். அவர்கள் தெருவிலிருந்து ஐந்தாவது ஃபாரம் வரை வந்தவன் அவன் ஒருவன்தான். எழுந்து நின்றான்.

"இல்லீங்க சார். துண்டை மூலைக்கு மூலை புடிச்சு அளந்தா ரெண்டும் ஒண்ணாத்தானுங்க வரும். துண்டு சதுரமில்லீங்களே."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வருஷம் பூராவும் நான் கேட்ட மிகச் சரியான விடை அதுதான். இவன் அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் தேறுவான், காலேஜுக்கும் போவான் என்று ஆசிரியர் அறையில் பந்தயம் கட்டாத குறையாகச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மதுவிலக்குக் கமிட்டியோடு ஊர் சுற்றப் போனேன். படித்தவன் ஒருவன் இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் என்னை அதில் சேர்த்துவிட்டிருந்தார். கமிட்டித் தலைவர் ஓர் அரிசி மண்டிக்காரர். போன வருஷம் வரை கள்ளுக்கடையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். இப்போது கதர்த் துண்டு போட்டுக்கொண்டு குடியின் கேட்டைப் பற்றிப் பேசுவார். பள்ளிக்கூட நிர்வாகத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம். கூட ஒரு கான்ஸ்டபிள்.

"மேலே இருந்து கேக்கறாங்க வாத்தியாரே. நம்மூருல ஒரு கேஸ்கூட இல்லீன்னா நாம சும்மா உக்காந்திருக்கறம்னு ஆயிருமுங்க" என்று தலைவர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

நெசவாளர் தெரு முனையில் ஒரு மனிதர் வீட்டிலிருந்து வெளியே வந்தார். இரண்டு எட்டு வைத்தார், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பையனின் அப்பா. தலைவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கிட்டே போய் மூக்கைச் சுளித்து முகர்ந்தார்.

"எங்கய்யா குடிச்சே?"

"குடிக்கலீங்க சாமி. நாளெல்லாம் தறிக்குழியில உக்காந்தவனுங்க, காலு மரத்துப் போச்சு. கொஞ்ச நேரம் நடந்தாச் சரியாயிருமுங்க. இது கஞ்சி வாடைங்க. காத்தால பாவுக்குக் கஞ்சி போட்டனுங்க."

"குடிச்சவன் எல்லாம் குடிக்கலைன்னுதான் சொல்லுவான்" என்றார் தலைவர். இந்த வாக்கியத்தின் பேரில் ஒரு மனிதனைத் தூக்கில்கூடப் போடலாம். குடிக்காதவனும் அதையேதானே சொல்லுவான்?

நெசவாளி என்னைப் பார்த்தார். "என்ற பையனுக்குப் பாடஞ் சொல்றவருங்களே. நீங்க சொல்லுங்க சார்."

"ஆமாங்க வாத்தியாரே, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார் தலைவரும்.

குனிந்து முகர்ந்தேன். என் அப்பாவின் தோள் துண்டு வாடை. சின்ன வயதில் அதில் முகம் புதைத்துத் தூங்கியிருக்கிறேன். என் அப்பாவும் தறியை விட்டு எழுந்தால் நாலு எட்டுக்குச் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். அது கஞ்சியின் புளிப்புதான் என்று அடித்துச் சொல்லக்கூடியவன், வந்த எங்கள் மூன்று பேரில் நான் ஒருவன்தான். சொல்லியிருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். ஜவுளி வியாபாரியின் மகனுக்கு அது எப்படித் தெரியும்?

"புளிச்ச வாடை அடிக்குதுங்க" என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். அடித்தது. மிச்சத்தை அவர்களாகவே முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பொய் சொல்கிறவனாவது என்ன சொன்னோம் என்று தெரிந்து சொல்கிறான். அரை உண்மையைச் சொல்லிவிட்டு வேட்டியில் அழுக்குப் படாமல் ஒதுங்குகிறவனைப் போல இழிந்தவன் கிடையாது.

மறுநாள் என் வாக்குமூலத்தை அவர்களே எழுதிக் கொண்டுவந்தார்கள். மேற்படி நபர் மீது புளித்த வாடை அடித்தது. மேற்படி நபர் தள்ளாடினார். ஆகவே மேற்படி நபர் மது அருந்தியிருந்தார். 'ஆகவே' என்று எழுதும் இடத்தில் ஜியாமெட்ரியில் மூன்று புள்ளி வைப்போம். அந்த மூன்று புள்ளியைக் காரணமில்லாமல் வைத்ததற்காக எத்தனை பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டேன். தலைவர் காபி வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

கோர்ட்டில் அதைப் படித்து, அந்த மனிதருக்கு மூன்று வாரம் சிறை போட்டார்கள். பாவு தறியில் ஏறி நின்றது; முடித்துக் கொடுத்தாக வேண்டும். பையன் விடியலிலிருந்து பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை குழியில் உட்கார்ந்து நெய்தான். அதன் பிறகு ஓடி வருவான். ஒரு நாள் முதல் பீரியடில் வாசற்படி ஏறும்போது கால் மடங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனோடு அந்த வாடையும் வகுப்புக்குள் வந்தது. "அப்பனுக்குத் தப்பாத புள்ளை" என்று பின் பெஞ்சில் ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது.

எனக்கு வேறு நிரூபணம் வேண்டியிருக்கவில்லை. ஒரு சொட்டுக் கள் தொடாதவன், புளித்த வாடையோடு, தள்ளாடிக்கொண்டு என் முன்னால் நின்றான். அன்றைக்கே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிறையில் இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தது. நான், "நேரத்துக்கு வரணும்" என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரமே மாதப் பரீட்சை. புத்தகத்திலிருந்து யோசிக்காமல் எடுத்த கேள்விகள். அதில் ஒன்று: உண்மையான ஒரு கூற்றை எழுது; அதன் கான்வர்ஸ் உண்மையா என்று காரணத்துடன் சொல். ஐந்து மதிப்பெண்.

தாள் முழுவதையும் இங்கிலீஷில் எழுதியிருந்தவன், அந்த ஒரு விடையை மட்டும் தமிழில் எழுதியிருந்தான். கையெழுத்து அழகாக, கோடு தப்பாமல் இருந்தது.

'கூற்று: கள் குடித்தவன் மேல் புளித்த வாடை அடிக்கும், அவன் தள்ளாடுவான். கான்வர்ஸ்: புளித்த வாடை அடித்துத் தள்ளாடுகிறவன் கள் குடித்தவன். கான்வர்ஸும் உண்மை. நிரூபணம்: எங்கள் கணக்கு சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.'

சிவப்பு மசியைத் தொட்டுக்கொண்டேன். ஐந்துக்கு ஐந்து போட்டால், நான் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்த பாடம் பொய். விடை தவறு, பூஜ்யம்தான் சரி. பூஜ்யம் போட்டாலோ, என் கையெழுத்துப் பொய் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. போட்டுவிட்டு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு நேராகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒன்று சரி, இல்லையென்றால் தவறு. ஜியாமெட்ரியில் மூன்றாவது வழி கிடையாது. நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இரண்டரை போட்டேன்.

மறுநாள் கடைசிப் பீரியடில் பையன்களை வரிசையாக வரச் சொல்லித் தாள்களைக் கொடுத்தேன். பையன் தன் தாளைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன், படவில்லை. வரிசை கலைந்த பிறகு மேஜையருகே வந்து, அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலிலேயே கேட்டான்.

"சார், இதுல எந்தப் பாதி சரிங்க?"

அவன் விரல் நகத்தில் காய்ந்த கஞ்சி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"மணி அடிக்கப் போகுது. ஊட்டுக்குப் போ" என்றேன். எனக்கே தெரியாமல், 'ஊடு' என்று எங்கள் தறிக்கார வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது. அவன் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தான். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அதன் பிறகு அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது.

அன்று மணி அடிக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.